எட்டாவது கோடு

தக்காளிப் பருவம் முடிந்த ஞாயிறு, சினலோவா.
எலெயுத்தேரியோ குதிகாலை அழுத்திப்
புழுதியில் கோடு இழுக்கிறான்.
நடுக்கோடு நேராக இருந்தால் போதும்,
மற்றதற்கெல்லாம்
ஆட்டத்தின் நடுவே சண்டை போட்டுக்கொள்ளலாம்.

பழைய சட்டையில் சுற்றிக்கொண்டு
பந்து வருகிறது.
நாலு கிலோ. முழுக்க ரப்பர்,
உள்ளே ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லை.
கை பட்டால் தப்பு. கால் பட்டால் தப்பு.
இடுப்புதான் எல்லாம்.

ஃபெர்மினா தோல்கச்சையை இறுக்குகிறாள்.
ஆறு நாள் தக்காளிப் பெட்டி அடுக்குகிறவள்.
போன வாரத்து நீலம்
இப்போதுதான் அவள் இடுப்பில் மஞ்சளாகிறது.

நான் கணக்கு வைப்பவன்.
எட்டுக் கோடு எடுத்தால் வெற்றி.
ஆனால் எடுத்த கோடு நிற்காது;
ஏழில் இருப்பவன் சறுக்கிச் சறுக்கிச்
சுழியத்தில் வந்து உட்காருவான்.
எட்டு இங்கே லேசில் எட்டாது.

யார் முதலில் ஆடியது என்று
காரில் வருகிறவர்கள் கேட்கிறார்கள்.
மரத்தைக் கீறியவனா,
பாலைப் பிடித்துக் கொடிச்சாறு கலந்தவனா,
இறுகியதை உருட்டியவனா?
எனக்குப் பிடித்தவன்
கைதவறிக் கீழே விட்டவன்.
விழுந்தது.
எழுந்தது.
மண் அதுவரை எதையும் திருப்பித் தந்ததில்லை.
பக்கத்தில் யாரோ சிரித்திருக்க வேண்டும்.

அந்தச் சிரிப்பைச் சுற்றித்தான் பிறகு
சுவர் எழுப்பினார்கள்,
கல்வளையம் மாட்டினார்கள்,
பந்து பந்தாகக் கப்பம் வாங்கினார்கள்.
அரசனுக்கு ஒரு மேடை வந்தது.
சாமிக்கு ஒரு கத்தி வந்தது.

கடல் கடந்து வந்த பாதிரிகள்
அது துள்ளுவதைப் பார்த்துச்
சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள்.
அவர்கள் ஊர்ப் பந்து தோலும் பஞ்சும்,
போட்ட இடத்தில் பேசாமல் கிடக்கும்.
இதற்குள் பேய்தான் இருக்கிறது என்று
தடை போட்டார்கள்.
தடைக்கு நகரங்கள் தெரியும்,
இந்தப் புழுதிக்கு வழி தெரியவில்லை.

ரப்பர் கப்பலேறிப் போனது.
நெடுங்காலம் கழித்து
வயிற்றில் காற்றோடு திரும்பி வந்தது.
இப்போது அதற்கு
நான்கு நடுவர், நாற்பது கேமரா,
முதுகில் வங்கியின் பெயர்.
முன்னே நின்றது முழங்காலா மூக்கா என்று
திரையை நிறுத்திக் கோடு போட்டுப் பார்க்கிறார்கள்.
அவர்களும் கோடுதான் இழுக்கிறார்கள்,
குதிகால் இல்லாமல்.

எதிரணியில் இன்று கிரெஸென்சியோ.
கடற்கரை ஹோட்டலில் ஆடப் போனவன்.
இறகுத் தொப்பி, முகச்சாயம்,
இரவு உணவுக்கு முன் அரைமணி ஆட்டம்,
சிவப்புக் கச்சைக்காரர்களே தினமும் ஜெயிக்க வேண்டும்.
சிரிக்கக் கூடாது என்பது அங்கே ஒப்பந்தத்தில் இருக்கிறது.
காதோரம் இன்னும் கொஞ்சம் பச்சைச் சாயம்.

ஃபெர்மினா பக்கம் ஏழு.
கிரெஸென்சியோ தாழ்வாக அடிக்கிறான்,
அவள் தரையோடு தரையாகச் சறுக்கி
இடுப்பைக் கொடுக்கிறாள்.
மட்டையடியா இடியா, அப்படி ஒரு சத்தம்.
பந்து போகிறது, போகிறது,
எல்லைக்கு அப்பாலா, இப்பாலா?
பாய்ந்து விழுந்தவர்கள் உடம்பெல்லாம் புழுதி.
கோட்டைக் காணோம்.

வளர்ந்த ஆண்கள் ஆறு பேர்
மண்டியிட்டுத் தேடுகிறார்கள்.
நாய் ஒன்று கூடவே முகர்ந்து பார்க்கிறது.
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
நான் என் நோட்டைப் பார்க்கிறேன்.
அதில் ஏழுதான் இருக்கிறது.

இருட்டியும் தீரவில்லை.
அடுத்த ஞாயிறு, சுழியத்திலிருந்து
என்று எழுதும்போது பேனா அடைத்துக்கொள்கிறது.
"எட்டுத்தான் அது," என்கிறாள் ஃபெர்மினா.
கிரெஸென்சியோ
மண்ணில் மல்லாந்து கிடந்தபடி
விலா வலிக்கச் சிரிக்கிறான்.

வண்டியின் பின்பக்கம்
அவள் மடியில் பந்து, இன்னும் சூடாக.
குழிக்குக் குழி
அது எழப் பார்க்கிறது.
அவள் அழுத்திப் பிடிக்கிறாள்.